கடல் விட்டுவிட்டுப் போன நான்கு டயர்கள்

டயர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கற்றுத்தர அதிகம் மிச்சமில்லை. சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றி மாட்ட மெஷின் வந்துவிட்டது. எந்த வண்டிக்கு எந்த அளவு என்று கேட்டால் கையிலிருக்கும் போனே சொல்லிவிடுகிறது. முப்பத்திரண்டு வருடம் நாகர்கோவிலில் ஒரு டயர் கடையில் நின்று தேய்ந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். நான் சாமர்த்தியமாகச் செய்த காரியங்களை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை வீட்டில் சொல்லிச் சொல்லி, நான் வாயைத் திறந்தாலே என் மனைவிக்குக் கொட்டாவி வருகிறது. நான் முட்டாளாக நின்ற ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். பழைய வண்டிக்குச் சக்கரமும் டயரும் பார்க்கிற வேலை என்றைக்காவது உங்கள் கைக்கு வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்துபோய் ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு காலையில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து சூசை அண்ணாச்சி இறங்கினார். கடற்கரை ஊர்க்காரர். அறுபது வயதிருக்கும். மீன் வியாபாரத்தில் பெரிய கை. அவரிடம் அறுபதுகளில் வந்த மாடல் அம்பாசிடர் ஒன்று உண்டு. நான் கடைக்கு வந்த நாளிலிருந்து அந்த வண்டிக்கு எங்களிடம்தான் டயர். சுனாமிக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆட்கள் தப்பிவிட்டார்கள், மீன்பிடி வள்ளமும் முக்கால்வாசி வீடும் போய்விட்டன என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

வண்டி முற்றத்தில் நின்ற இடத்திலேயே கூரை வரை உப்புத் தண்ணீரில் முங்கி, பாதி மணலில் புதைந்து கிடந்ததாம். காயலாங்கடைக்குப் போடச் சொல்லி ஊரே சொல்லியிருக்கிறது. அண்ணாச்சி கேட்கவில்லை. எஞ்சின், வயரிங், சீட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை வருடம் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார். சக்கரமும் டயரும்தான் பாக்கி.

“மக்கா, எம்மவ செலின் பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது இந்த வண்டியிலதான்” என்றார். “இப்போ அவளுக்கு ஏழாம் மாசம். தலப்பிரசவம். பேச்சிப்பாறையில மாப்பிள வீட்டுல இருந்து நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வேற வண்டியில வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. வாற வெள்ளிக்கெழம நாள் குறிச்சாச்சு.”

பிறகு ஆட்டோவுக்குள்ளிருந்து வண்டியின் பழைய சக்கரம் ஒன்றையும் நான்கு அட்டைப்பெட்டிகளையும் இறக்கினார். பெட்டிகளுக்குள்ளே கண்ணைப் பறிக்கிற அலாய் சக்கரங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் கார்கோவில் அனுப்பியவை.

இங்கே நான் நன்றாகத்தான் நடந்துகொண்டேன். புதுச் சக்கரத்தைப் பழைய சக்கரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். போல்ட் துளைகள் ஒத்துவரவில்லை. துளையைக் கொஞ்சம் அகட்டினால் சேர்ந்துவிடும் என்று எந்த லேத் பட்டறையிலோ சொல்லியிருக்கிறார்கள். சேரும். சேர்ந்து, வண்டியின் பாரம் முழுவதையும் நட்டுகளின் விளிம்பில் தொங்கவிடும். அதுபோக, சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். பழைய வண்டியின் பேரிங்கும் ஸ்டியரிங்கும் எந்தச் சக்கரத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டனவோ அதைத்தான் தாங்கும். அழகாக இருக்கிறது என்பதற்காக இன்னொன்றைத் தாங்காது.

“மகன் அனுப்பினதுல்லா மக்கா” என்றார் அண்ணாச்சி, மனசில்லாமல்.

“மகன் அனுப்பினத வீட்டுல வையுங்க அண்ணாச்சி. பேரப்பிள்ள வாற வண்டியில வைக்காண்டாம்.”

அவர் பெட்டிகளை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றினார்.

அடுத்தது அந்தப் பழைய சக்கரம். புதுப் பெயிண்ட் அடித்துப் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. டயரைக் கழற்றி உள்பக்கம் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணிபோல் சத்தம் கொடுக்கும். இது பொத்தென்று சொன்னது. அடுத்த தட்டில் துரு பொரிப்பொரியாக உதிர்ந்தது. டியூப் மூடியிருந்த இடத்தில் உப்பு உட்கார்ந்து அரித்துத் தின்றிருக்கிறது. வடசேரியில் பழைய உதிரிப்பாகம் விற்பவரிடம் இரண்டு நாள் நடந்து, அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய நல்ல சக்கரங்கள் நான்கைத் தேர்ந்தெடுத்தேன். சுழற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, நட்டு உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து வாங்கினேன். கடைக்குத் திரும்பும்போது எனக்கு என்மேலேயே பெரிய மதிப்பாக இருந்தது. இந்தக் கதையில் என் புத்தி வேலை செய்தது அதுவரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சியும் அவர் மனைவி லூர்து அக்காவும் பழைய சக்கரத்திலேயே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்கள். டயர் தங்களிடமே இருக்கிறது என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. இந்த அளவு இனிமேல் வராது என்று யாரோ பயமுறுத்தியதைக் கேட்டு, ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நான்கு டயர்களை என்னிடமே வாங்கி மச்சில் ஏற்றி வைத்திருந்தார். வீட்டில் கடல் தொடாமல் நின்றது அந்த மச்சு ஒன்றுதான். லூர்து அக்கா நான்கையும் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அவிழ்த்துப் பார்த்தேன். பக்கவாட்டில் இருந்த, தயாரித்த வருடத்தைச் சொல்லும் தயாரிப்பு எண்ணைப் படித்தேன். ஓடாத டயருக்கும் வயதாகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. அந்த எண்ணைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருட டயரில் மயிரிழை வெடிப்பாவது தெரிய வேண்டுமே, இதில் ஒரு கீறல் இல்லை. நேற்று வந்த சரக்குபோல் கருகருவென்று மின்னியது. எண் ஒன்று சொன்னது, கண் வேறொன்று சொன்னது. நான் கண்ணை நம்பினேன்.

மூக்கும் ஒன்று சொன்னது. குனிந்து டயரைப் புரட்டும்போதெல்லாம் மீன் வாடை. பக்கத்தில் அண்ணாச்சி நின்றிருந்தார். மீன் வியாபாரி பக்கத்தில் மீன் வாடை வராமல் மல்லிகை வாசமா வரும் என்று நினைத்துக்கொண்டேன். முகம் சுளித்தால் மரியாதையாக இருக்காது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்தேன்.

“புது டயரே போட்டுக்கிடலாமே அண்ணாச்சி” என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

பதில் லூர்து அக்காவிடமிருந்து வந்தது. “கடலு எல்லாத்தையும் வாரிட்டுப் போச்சு தம்பி. இத மட்டும்தான் விட்டுட்டுப் போயிருக்கு. இது போட்டாத்தான் எம்புள்ள நல்லா வந்து சேருவா.”

அந்த நான்கையும் வடசேரிச் சக்கரங்களில் மாட்டிக் கொடுத்தேன். பத்து மணிக்குப் புறப்பட்டுப் போனார்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் மகளோடு திரும்பிவிட வேண்டும் என்று திட்டம்.

ஒரு மணிக்குக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. புளிச்சோறும் துவையலும் மனைவி கட்டிக் கொடுத்திருந்தாள். முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனபோது மீன் வாடை அடித்தது. எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் அடித்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அப்போதும் போகவில்லை.

அண்ணாச்சியை நான் தொடவே இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

டயர் சுற்றி வந்த பழைய சேலை மூலையில் கிடந்தது. எடுத்து மோந்தேன். சாளை எண்ணெய். துணி முழுக்க வட்ட வட்டமாகக் கறை. சாளை மீனிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. மரம் உப்பில் கெடாமல் இருக்கக் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசுவார்கள். மரத்துக்கு அமிர்தம். ரப்பருக்கு விஷம். ஊறி ஊறி ரப்பர் உப்பிப்போயிருக்கிறது. வெடிப்புகளை எண்ணெய் அடைத்திருக்கிறது. நான் பார்த்து மயங்கிய பளபளப்பு அதுதான். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. பேச்சிப்பாறைச் சாலையில் மேட்டிலும் வளைவிலும் வயிற்றுப்பிள்ளைக்காரி உட்கார்ந்திருக்கும் வண்டியில் அந்த நான்கும் சுற்றப்போகின்றன. நான்கையும் மாட்டியது என் கை.

அண்ணாச்சியிடம் கைப்பேசி கிடையாது. மாப்பிள்ளை வீட்டு எண்ணும் என்னிடம் இல்லை. போய்த்தான் ஆக வேண்டும். எதை எடுத்துக்கொண்டு போவது? குடோனில் அந்த அளவில் புது வகையான ரேடியல் டயர் இரண்டு இருந்தன. அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவருக்காக வரவழைத்த, அண்ணாச்சி வண்டியில் இருப்பதைப் போன்ற பழைய வகை டயர்கள் நான்கும் இருந்தன. மறுநாள் எடுத்துப்போக வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். ரேடியல் இரண்டைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். ரேடியலை முன்னால் போட்டுப் பழைய வகையைப் பின்னால் விட்டால், ஈரமான வளைவில் பின்பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போகும். பின்னால் போட்டால், அந்த எண்ணெய் டயர்களில் இரண்டு முன்னால் இருக்கும். இரண்டுமே ஆகாது. போட்டால் நான்கும் ஒரே வகையாகப் போட வேண்டும்.

அஞ்சுகிராமத்துக்காரருக்குப் போன் போட்டேன். அரை நிமிடம் வறுத்தெடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஏழாம் மாசமா? பொறவு எங்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கீரே! போவும் வே” என்று வைத்துவிட்டார்.

டயர், ஜாக்கி, நெம்புகோல், பம்பு எல்லாவற்றையும் கடை வேனில் போட்டுக்கொண்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. கம்பெனியிலிருந்து போன் வந்தது, அந்த வரிசை டயர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பொய்யைத் தயார் செய்தேன். குலசேகரம் தாண்டுவதற்குள் அது எனக்கே உண்மைபோல ஆகிவிட்டது. அண்ணாச்சியின் மானமும் போகாது, என் மானமும் போகாது. நல்ல பொய்தான்.

பேச்சிப்பாறையில் பழைய வெள்ளை அம்பாசிடர் என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. முற்றத்தில் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பெட்டி ஏற்றியாகிவிட்டது. செலின் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி கையில் சாவி.

நான் யாரிடமும் பேசாமல் முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகத்தால் டயரின் ஓரத்தில் அழுத்தினேன். பதிந்த நகத்தடம் திரும்ப எழும்பவில்லை. மறுபக்கம் போனேன். அங்கே பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். ஒரு தடவை மலையேறியதற்கே இந்தக் கதி.

“என்ன மக்கா? என்னத்துக்கு இம்புட்டுத் தூரம் ஓடி வந்திய?” என்றார் அண்ணாச்சி.

வாய்வரை வந்த பொய் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணாச்சி, மகள எறங்கச் சொல்லுங்க. இந்த டயரு ஆவாது. நான் பாக்காம மாட்டிட்டேன்” என்றேன்.

லூர்து அக்கா முன்னால் வந்தார். “நல்லாத்தானே இருக்கு? வருசா வருசம் கோயில் திருநாளுக்கு வள்ளத்துக்குப் பூசும்போது இதுக்கும் நாந்தானே சாள எண்ணெ பூசுனேன். எங்க வள்ளம் நாப்பது வருசம் கெடந்துதே. வள்ளத்துக்கு நல்லது டயருக்கு ஆவாதா?”

“மரம் குடிச்சா ஒறப்பாவும் அக்கா. ரப்பர் குடிச்சா ஊதிப்போவும்.”

“கடலு விட்டுட்டுப் போனத நீரு எடுக்கப் போறீரா?”

அக்காவின் கையைப் பிடித்து அந்த வீக்கத்தின்மேல் வைத்தேன். அவர் தடவிப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். “ஏட்டி, எறங்கு” என்று மகளிடம் சொன்ன குரல் வேறு மாதிரி இருந்தது.

அண்ணாச்சி மட்டும் விடவில்லை. “மாட்டும்போ தெரியாதது பொறவு எப்பிடித் தெரிஞ்சுது?”

“கையில மீன் வாட அடிச்சுது அண்ணாச்சி. சோப்பு போட்டும் போவல.”

“மாட்டும்போ அடிக்கலியா?”

“அடிச்சுது.” தலையைக் குனிந்துகொண்டேன். “உங்க மேல இருந்து வருதுன்னு நெனச்சேன்.”

மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். தன் சட்டைக் காலரை இழுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாரும்.”

மோந்தேன். அத்தர். மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய அசல் அத்தர். மகளை அழைக்கப் போகிறோம் என்று காலையில் குளித்துப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்.

“மீன் யாவாரம் விட்டு ஒண்ணர வருசமாச்சு மக்கா” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கடலப் பாத்தாலே கையும் காலும் வெறைக்கி. சங்ஷன்ல டெலிபோன் பூத்து வச்சு இருக்கேன். என் மேல இனி மீன் வாட வந்தா, சந்தோசமா கோயில்ல போய் மெழுகுதிரி கொளுத்துவேன்.”

அவர் சட்டையைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஜாக்கியை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். லூர்து அக்கா குடை பிடித்தார், எங்களுக்கு அல்ல, புது டயர்களுக்கு. செலின் வாசலில் உட்கார்ந்து, “அப்பா, நட்டு எல்லாம் முறுக்கியாச்சா?” என்று நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் நான் போய் முறுக்கிப் பார்த்தேன்.

கழற்றிய டயர்களை வெட்டிப் போட்டுவிடலாம் என்று வேனில் ஏற்றப்போனேன். லூர்து அக்கா விடவில்லை. “வண்டிக்குத்தானே ஆவாது? வெட்டாண்டாம். நான் கொண்டுபோறேன்” என்று டிக்கியில் போடச் சொன்னார். இனி எந்த வண்டியிலும் மாட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். திரும்பும்போது நான் வேனில் முன்னால் போனேன். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் அந்த இரண்டு வட்ட விளக்குகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே கடற்கரைவரை போனேன். செலின் தன் வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்ததாகப் பூத்திலிருந்து அண்ணாச்சியே போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பிள்ளையும் அந்த வண்டியில்தான் வீட்டுக்கு வந்தது.

பழைய வண்டி வந்தால் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், தயாரிப்பு எண்ணைப் படியுங்கள், நான்கும் ஒரே வகையாகப் போடுங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அன்றைக்கு என் மூக்கு சரியாகத்தான் வேலை செய்தது. வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், ஆளைப் பார்த்து நானாக முடிவு செய்துகொண்டேன். அண்ணாச்சி ஒரு வக்கீலாகவோ வாத்தியாராகவோ இருந்திருந்தால், இதென்ன டயரில் மீன் வாடை என்று அப்போதே கேட்டிருப்பேன். கேட்கக் கூச்சப்பட்டதும் மரியாதையால் அல்ல. அவரைப் பற்றி முன்கூட்டியே ஒரு நினைப்பு வைத்திருந்தேன், அவ்வளவுதான். வண்டியோடு வருகிறவர் யாராக இருந்தாலும், சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த அம்பாசிடர் மறுபடியும் கடைக்கு வந்தது. அண்ணாச்சிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. கூடவே பள்ளிக்கூடச் சீருடையில் பேத்தி. “டயரு மாத்தணும் மக்கா. நீருதான் மாட்டணும்” என்றார். புது டயர் நான்கையும் நானே எடுத்துவந்து குனிந்தேன்.

மீன் வாடை.

எனக்குப் பகீரென்றது. டயரை மோந்தேன். ரப்பர் வாசம்தான். சக்கரத்தை மோந்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் டயரை மோந்தேன். பேத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நிமிர்ந்தால், அண்ணாச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“கூட்டாளியளோட பங்குக்கு மறுபடியும் மீன் பிடிக்க ஒரு போட்டு எடுத்திருக்கேன். அன்னைக்குக் கழத்துன நாலு டயரும் இப்போ அதோட பக்கவாட்டுலதான் தொங்குது, துறையில இடிபடாம இருக்க. உங்க அக்கா இன்னும் அதுக்கு எண்ணெ பூசிக்கிட்டுதான் இருக்கா.” அவர் கிட்டே வந்து, அன்றுபோலவே சட்டைக் காலரை இழுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “டயர மோந்தது போதும். இது நாந்தான் மக்கா. கோயில்ல மெழுகுதிரியும் கொளுத்தியாச்சு.”